ஒன்பதே முக்காலுக்கு மங்கும் விளக்கு

எங்கள் தோட்டத்தில் விளக்கு சட்டென்று அணையாது. ஒன்பதே முக்காலுக்கு ஒருமுறை மங்கி எழும். இன்னும் கால் மணி நேரம்தான் என்று இஞ்சின் கொட்டகையிலிருந்து அப்பா லய வீடுகளுக்குச் சொல்லும் செய்தி அது. அந்த மங்கலைப் பார்த்ததும் உளி, தலைத்துண்டு, காண்டா வாளி எல்லாம் மறுநாள் காலை ஆள் எடுக்கும் பெரட்டுக்காக வாசலுக்கு வந்துவிடும். கைக்குழந்தைக்காரிகள் பால் கலக்கி வைப்பார்கள். நான் வீட்டுக் கணக்கின் கடைசி வரியை அவசரமாக எழுதுவேன். பத்துக்கு இஞ்சினின் துடிப்பு நின்றதும், அதுவரை கேட்காமல் இருந்த தவளைச் சத்தம் மொத்தமாக வந்து காதை நிறைக்கும்.

மலேசியாவில், சிலியாவுக்கும் லிங்கிக்கும் நடுவே ரப்பர் காட்டுக்குள் இருந்த தோட்டம் அது. 1963இல் அங்கேதான் பிறந்தேன். மாலை ஆறரையிலிருந்து பத்து வரை, பிறகு விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரை மின்சாரம். டீசலைத் தோட்ட அலுவலகக் கிராணியார் அளந்து கொடுப்பார். அப்பா அளந்து எரிப்பார். பரீட்சை நேரத்தில் பையன்கள் நாலைந்து பேர் கொட்டகை வாசலில் போய் நிற்போம். “இன்னும் பத்து நிமிசம்பா.” அப்பா கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்ப்பார். “எண்ணெ நம்மளுது இல்லப்பா” என்பார். கோபமாகச் சொன்னதே இல்லை. தன் கையில் இருக்கும் நெம்புகோல் தன்னுடையதல்ல என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல நேர்கிற சங்கடம் அந்தக் குரலில் இருக்கும். மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் துரையின் அனுமதியோடு விடிய விடிய விளக்கு எரியும். மற்ற நாள்களில் பத்துதான்.

விளக்கு அணைந்த பிறகு வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் மேற்கே வானத்தின் அடியில் ஒரு செம்மை தெரியும். போர்ட்டிக்சன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீக்கம்பம் அது. இரவெல்லாம் அணையாத நெருப்பு. சிறுவயதில் அதை ஒரு பெரிய கோயில் தீபம் என்று நினைத்திருந்தேன்.

ஹைட்ரஜன் என்ற பெயர் தெரியும் முன்பே அதன் சத்தத்தை நான் கேட்டுவிட்டேன். பதினொரு வயதிருக்கும். இஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் லாரி பேட்டரிகளைச் சார்ஜ் போட்டு வைத்திருப்பார்கள். தாழ்வான தகரக் கூரை, மூன்று பக்கமும் பலகை அடைப்பு. ஒரு மாலை, பட்டறையில் வேலை செய்த மாமா ஒருவர் பேட்டரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க, மூடியைத் திருகிவிட்டு லைட்டரைப் பற்றவைத்தார். வெடித்த சத்தம் லயத்தின் கடைசி வீடு வரை கேட்டது. அப்பா ஓடிப்போய் அவரைத் தூக்கி, தண்ணீர்த் தொட்டியில் தலையை அமிழ்த்தி எடுத்து அமிழ்த்தி எடுத்து, அமிலம் போக வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். அந்தக் கழுவல்தான் ஒரு கண்ணைக் காப்பாற்றியது. இன்னொன்று போய்விட்டது.

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. நான் கேட்காமலே சொன்னார். “பேட்டரித் தண்ணியில கரண்ட் ஏறுறப்ப ஒரு காத்து கிளம்பும்பா. நம்ம கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் தெரியாது. நெருப்புக்கு மட்டும் தெரியும்.”

இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவ வேதியியல் புத்தகத்தை 1980இல் திறந்தபோது அந்தக் காற்று அங்கே படமாக இருந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய் மொழியில் தயாராகி, அதன் பிறகே முதல் படிவம் போவோம். எல்லாப் பாடமும் மலாயில். எலெக்ட்ரோலிசிஸ். கண்ணாடிக் குழாயில் சேர்ந்த வாயுவின் வாயருகே எரியும் குச்சியைக் கொண்டுபோனால் ‘பாப்’ என்ற ஒலி எழும், அது ஹைட்ரஜன். ஆசிரியர் குச்சியை நீட்டினார். வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தச் சின்ன ஒலிக்குள் தகரக் கொட்டகையின் பெரிய ஒலி கேட்டது. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்க முடியும் என்று இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் கண்டது 1800ஆம் ஆண்டு. வோல்ட்டா தன் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்த அதே ஆண்டு. மின்சாரத்தைத் தொடர்ச்சியாக ஓடவிடத் தெரிந்துகொண்ட மனிதன் அதை வைத்துச் செய்த முதல் காரியங்களில் ஒன்று தண்ணீரைத் திறந்து பார்த்தது என்பதை நினைத்து அன்று முழுக்க மயங்கிக் கிடந்தேன்.

அந்த வார விடுமுறையில் வீட்டில் செய்து பார்த்தேன். பால் எடுக்கும் மங்கு ஒன்று, பழைய டார்ச் பேட்டரிகளை உடைத்து எடுத்த கரிக்குச்சிகள் இரண்டு, அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய பேட்டரி. வெறும் தண்ணீரில் மின்சாரம் ஓடவில்லை என்று உப்பைக் கரைத்தேன். இரண்டு குச்சியிலும் குமிழ் வந்தது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தொண்டையை அறுக்கும் நெடி. குளோரின். உப்பு போட்டால் தண்ணீரோடு உப்பும் பிரியும் என்பது தெரியாத வயது. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்றும் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு இதுதான். மூடிய அறையில் உப்புத் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

பிறகு நாற்பது ஆண்டுகள் கடந்தன. செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கருவித் தொழில்நுட்பர் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். தோட்டத்தில் ரப்பரை வீழ்த்திச் செம்பனை வைத்தார்கள். லயம் இடிபட்டது. அப்பா 1996இல் காலமானார். அம்மா என்னோடு மம்பாவ் பக்கம் வந்துவிட்டார். இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் இருக்கிற வீட்டில், ஒன்பதே முக்கால் ஆனதும் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தொழிற்சாலை மூடிக் கிடந்தது. ஐம்பத்தேழு வயதில் முதன்முறையாகப் பகல் வெளிச்சம் முழுவதும் என்னுடையதாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கிடந்த 150 வாட் சூரியத் தகட்டை எடுத்து வைத்தேன். மங்குச் சோதனையைச் சரியாகச் செய்து முடிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று வந்ததல்ல, நாற்பது ஆண்டாக உள்ளேயே இருந்தது.

அதற்கான கருவியின் அடிப்படையை ஒரு தாளில் எழுதிவிடலாம். தண்ணீரைப் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் தகட்டின் தடை, குமிழ்களின் தடை எல்லாம் சேர்ந்து ஓர் அறைக்கு இரண்டு வோல்ட் அளவுக்குக் கேட்கும். சூரியத் தகட்டோடு இணைத்த 12 வோல்ட் பேட்டரிக்கு ஆறு அறைகள். ஆறு அறைக்கு ஏழு தகடுகள். பழைய இரும்புக் கடையில் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு கிடைத்தது. வெட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினேன். வழவழப்பான தகட்டில் குமிழ் ஒட்டிக்கொண்டு விடாது. கரைசலுக்குக் காஸ்டிக் பொட்டாஷ், நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்கு, பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில். கரைக்கும்போது தானே கொதிநிலைக்குச் சூடேறும் பொருள் அது. தோலைத் தின்னும், கண்ணில் பட்டால் பார்வையைக் கொண்டுபோகும். பட்டறை மாமாவின் முகம் நினைவிலிருந்ததால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஒருநாளும் தொடவில்லை. பக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய வாளித் தண்ணீர் இருக்கும்.

தகடுகளுக்கு நடுவே கசியாமல் இருக்க ரப்பர்ச் சட்டம் வேண்டும். இதற்கு நம் ரப்பரையே போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அம்மா முப்பத்தைந்து ஆண்டு சீவிய மரத்தின் பால் இந்தக் கருவியில் ஓரிடத்திலாவது இருக்கட்டும் என்ற ஆசை. இயற்கை ரப்பர் காரத்தைத் தாங்கியது. ஆக்ஸிஜனைத் தாங்கவில்லை. சில மாதங்களில் ஆக்ஸிஜன் சேரும் பக்கம் பிசுபிசுத்து வெடித்துப் போயிற்று. செயற்கை ரப்பருக்கு மாற வேண்டியிருந்தது. அந்தப் பழைய சட்டங்களை இன்னும் தூக்கிப்போடவில்லை.

ஒவ்வோர் அறையிலும் ஒரு தகட்டில் ஹைட்ரஜன், எதிர்த்தகட்டில் ஆக்ஸிஜன். கரைசல் கடந்து போகலாம். வாயு கடக்கக் கூடாது. அதற்கு நடுவே ஒரு துணித்திரை. அம்மாவே தன் பழைய பாலியெஸ்டர் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். “நல்ல கெட்டித் துணி. தொவைச்சுத் தொவைச்சு எனக்கே அலுத்துப் போச்சு” என்றார். முந்தானையை வெட்டி ஆறு திரை போட்டேன்.

முதல்முறை ஓட்டிய காலை இன்றும் கண்ணில் நிற்கிறது. வெயில் ஏறி அம்மீட்டர் பத்து ஆம்பியரைத் தொட்டது. தகடுகளிலிருந்து பால்போல வெண்மையாகக் குமிழ்ப்படலம் மேலே கிளம்பியது. அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விடியும் முன்னே நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு போய், வெயில் ஏறுவதற்குள் சீவி முடித்தவர். சூடு ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். குமிழ்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “பாலுக்கு வெயில் ஆகாது. ஒம் மரத்துக்கு வெயிலுதான் வேணுமோ?”

வாயுவைச் சேமிக்கக் கவிழ்த்த பீப்பாய். பெரிய நீலப் பீப்பாயில் தண்ணீர், அதற்குள் தலைகீழாகச் சிறிய பீப்பாய். ஹைட்ரஜன் ஏற ஏற அது மிதந்து மேலே வரும். பக்கவாட்டில் கோடு போட்டு லிட்டரைப் படிக்கலாம். தமிழ்நாட்டுச் சாண எரிவாயுக் கலனும் இதே உத்திதான். பீப்பாய்க்கும் வாயு வெளிவரும் குழாய் முனைக்கும் நடுவே ஒரு தண்ணீர்ப் போத்தல். வாயு அந்தத் தண்ணீருக்குள் குமிழிட்டே போக வேண்டும். நெருப்பு திரும்பி வந்தால் தண்ணீரைத் தாண்டாது. கூரை போடவில்லை. ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசானது. திறந்த வெளியில் விட்டால் மேலே போய்க் கலைந்துவிடும். தகரக் கூரை போட்டால் உச்சியில் தங்கிக் காத்திருக்கும். நான் பதினொரு வயதில் பார்த்தது அதைத்தான்.

ஒரு மணி நேரம் ஓடினால் ஆறு அறையும் சேர்ந்து ஏறத்தாழ 27 லிட்டர் ஹைட்ரஜன் தரும். செலவாகும் தண்ணீர் 20 மில்லி, நான்கு தேக்கரண்டி. நான்கு கரண்டித் தண்ணீர் ஒரு பெரிய வாளியை நிரப்புவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஐந்தாவது வாரம் வெடித்தது.

பாலியெஸ்டரைக் காரம் அரிக்கும். படித்திருந்தால் தெரிந்திருக்கும், நான் படிக்காமல் செய்தேன். சேலைத் துணி உள்ளே இழை இழையாக நைந்து, ஆக்ஸிஜன் ஹைட்ரஜன் பக்கம் கசிந்திருக்கிறது. கலந்த வாயுவுக்கு வெளிக்காற்றே வேண்டாம், தனக்கு வேண்டியதைத் தானே வைத்திருக்கும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கிலிருந்து எழுபத்தைந்து பங்கு வரை எந்த அளவில் இருந்தாலும் ஹைட்ரஜன் பற்றும். சமையல் வாயுவைப் பற்றவைக்கத் தேவைப்படும் பொறியில் பத்தில் ஒரு பங்கே போதும். குழாய் முனையில் நெருப்பை வைத்தேன். தீ உள்ளே ஓடித் தண்ணீர்ப் போத்தல் தூள்தூளாயிற்று. போத்தலுக்கும் எனக்கும் நடுவே ஒரு கனத்த பலகை நிறுத்தியிருந்தேன். காதில் இரண்டு நாள் இரைச்சல் இருந்தது. பீப்பாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் போத்தல் தன் வேலையைச் செய்துவிட்டே உடைந்தது.

அம்மா ஓடிவந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைத்தான் பார்த்தார். “ஒங்கப்பா கொட்டாயில நடந்தத மறந்துட்டியாய்யா?” அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை.

இப்படி வெடித்தது எனக்கு மட்டுமல்ல. டென்மார்க்கில் ஆஸ்கோவ் என்ற ஊரில் பால் லா கூர் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனைச் சேமித்து, 1895 முதல் 1902 வரை தன் பள்ளிக்கு விளக்கெரித்தவர். காற்று நின்ற இரவிலும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது அவர் கவலை. ஹைட்ரஜனில் ஆக்ஸிஜன் கொஞ்சம் கலந்துவிட்டதால் வெடித்து, பள்ளிக் கட்டட ஜன்னல்களைச் சிலமுறை மாற்ற வேண்டி வந்தது. என் போத்தலை உடைத்ததும் அதே காரணம்தான். அவரைப் பற்றிப் படித்த இரவு, பரீட்சை நேரத்தில் கொட்டகை வாசலில் நின்ற எங்களை நினைத்துக்கொண்டேன். விளக்கு எரிய வேண்டும் என்று கவலைப்பட அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார். கையில் காற்றாலையும் இருந்தது. அப்பாவுக்கும் அதே கவலைதான். அவர் கையில் அளந்த டீசல்.

கருவியை முழுக்கப் பிரித்தேன். காரம் தொடாத பாலிபுரோப்பிலீன் வடிதுணி வாங்கித் திரைகளை மாற்றினேன். பழுப்பாகப் படிந்திருந்த வண்டலை வழித்துத் தனிப் போத்தலில் மூடி வைத்தேன். எஃகிலிருந்து கரையும் குரோமியம் நஞ்சாக மாறக்கூடியது. கால்வாயில் ஊற்றுகிற பொருளல்ல. தண்ணீர்ப் போத்தலை இரண்டாக்கி, குழாய்க்குள் செம்புக் கம்பிச் சுருளை அடைத்தேன். ஆறு மாதம் குழாய் முனையில் நெருப்பு வைக்கவில்லை. சேர்ந்த வாயுவில் சோதனைக் குழாய் அளவு எடுத்து, தள்ளிக் கொண்டுபோய்க் குச்சி நீட்டுவேன். கீச்சென்று கத்தினால் காற்றோ ஆக்ஸிஜனோ கலந்திருக்கிறது. மெல்ல எரிந்தால் சுத்தம். தொடர்ந்து நாற்பது நாள் மெல்ல எரிந்த பிறகே அடுப்பைப் பற்றி நினைத்தேன்.

அடுப்பும் எளிதாக அமையவில்லை. சமையல் எரிவாயு அடுப்பில் ஹைட்ரஜனை விடவே கூடாது. அதன் தீ வேகமாக ஓடும். காற்றோடு முன்கூட்டியே கலக்கும் அந்த அடுப்புக்குள் பின்னோக்கிப் பாய்ந்துவிடும். மருத்துவ ஊசி முனைகள் ஏழை வட்டமாகப் பதித்து, வெளிக்காற்றில் மட்டும் எரியும்படி ஒன்று செய்தேன். பகலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு லாலான் புல்லை நீட்டி, அது கருகுவதைப் பார்த்துத்தான் எரிகிறதென்று அறிய வேண்டும். மூக்குக்கும் கண்ணுக்கும் தெரியாதது என்று அப்பா சொன்னது எரிகிறபோதும் உண்மை.

கேள்விப்பட்டு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: எரிவாயுக் கலன் வாங்குவதை நிறுத்திவிடலாமா? 14 கிலோ கலன் ஒன்றில் இருக்கிற வெப்பத்துக்குச் சுமார் 65,000 லிட்டர் ஹைட்ரஜன் வேண்டும். என் கருவி 2,400 மணி நேரம் ஓட வேண்டும். நல்ல வெயில் நாளுக்கு ஐந்து மணி என்று வைத்தால் ஒரு வருடம் நாலு மாதம். அந்தக் கலன் அப்போது கடையில் 26 வெள்ளி 60 காசு. மின்சாரத்தைச் சேமிக்கத்தான் ஆசை என்றால் பேட்டரியே நல்லது. போட்டதில் எண்பது தொண்ணூறு விழுக்காட்டைத் திருப்பித் தரும். ஹைட்ரஜனாக்கி மறுபடி மின்சாரமாக்கினால் பாதிகூடத் தேறாது. கேட்டவர்களிடம் இதை மறைத்ததில்லை. தண்ணீரில் கார் ஓட்டலாம் என்று கருவி விற்க வருகிறவர்களுக்கு ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்புவேன். தண்ணீர் எரிந்து முடிந்த சாம்பல். அதை மறுபடி எரிபொருளாக்க, எரிந்தபோது வந்ததைவிடக் கூடுதலாகவே கொடுத்தாக வேண்டும்.

ஆனால் ஹைட்ரஜன் வேண்டாத பொருள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உலகம் ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் செய்கிறது. பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுப்பது. உர ஆலைக்கும், எரிபொருளிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் அது இல்லாமல் ஆகாது. அந்தப் பெரிய அளவைத்தான் சூரியனாலும் ஓடும் நீராலும் செய்ய வேண்டியிருக்கிறது. கூச்சிங்கில் 2019இல் ஹைட்ரஜன் நிலையம் திறந்து பேருந்து விட்டார்கள். 2023 அக்டோபரில் மத்திய அரசு ஹைட்ரஜன் பொருளாதாரத்துக்கு வழித்திட்டம் வெளியிட்டது. பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் எரிபொருள் மின்கலத்துக்கென்றே ஓர் ஆய்வுக்கழகம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அந்தப் படிகளில் ஏறவேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் என் மகளின் பிள்ளைகளுக்கும் அவர்கள் தோழர்களுக்கும் திரையைப் பிரித்துக் காட்டுகிறேன். சேலை நைந்த கதையையும் சொல்கிறேன்.

அடுப்பை முதலில் பற்றவைத்தது 2021 இறுதியில் ஓர் இரவு. அன்று பகலில் சேர்ந்தது 45 லிட்டர். பின்கட்டு விளக்கை அணைத்தேன். ஏழு ஊசி முனையிலும் இருந்தும் இல்லாததுபோல் வெளிறிய தீ. அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர், சின்ன அலுமினியச் சட்டி. அம்மா தள்ளி நாற்காலியில், பலகைக்கு அந்தப் பக்கம். பத்து நிமிடத்தில் தண்ணீர் தளதளத்தது. தேயிலையைப் போட்டு வடித்தேன். இரண்டு குவளை.

அம்மா ஊதி ஊதிக் குடித்தார். “சீனி கொஞ்சம் தூக்கல்” என்றார். பிறகு, பழக்கமாக, கதவு வழியே உள்ளே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால் தாண்டியிருந்தது. அடுப்பை மூட நான் கையை நீட்டினேன்.

“இன்னும் எவ்வளவு இருக்குய்யா?”

பீப்பாயின் கோட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். “பதினஞ்சு லிட்டர் இருக்கும்மா.”

“நம்மளுதுதானே. எரியட்டும்.”